சர்வேயருக்கு வைத்த தட்டு

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார் சர்வேயர்.
ஸாதர் நகரத்து ஆள்.
முக்காலியும் கருவியும் தூக்கிக்கொண்டு
வெயிலில் வருகிறவருக்கு,
கோர்ட் அனுப்பிய ஆளே ஆனாலும்,
வெறுந்தட்டை நீட்ட முடியாது.

இதற்கு நேற்றைய ரொட்டிதான் சரி.
இன்றைய ரொட்டிக்கு இன்னும் முதுகெலும்பு வரவில்லை,
பழச்சாறு பட்டதும் படுத்துவிடும்.
விரல் கனத்துக்கு அறுத்தேன், பன்னிரண்டு துண்டு.
திராட்சைச் சுள்ளிக் கனலில்
ஒரு பக்கம் மட்டும் வாட்டினேன்.
மறுபக்கம் மெத்தென்று இருக்கட்டும்.
எல்லாப் பக்கமும் முறுகினால்
மேல்வாயைக் கிழித்துவிடும்.

அத்தி, மரத்திலிருந்து நேரே.
மரம் என் பக்கம் நிற்கிறது.
அது என் பக்கம்தானா என்பதே வழக்கு.
மதில் இரண்டு முழம் நகர்ந்தது என்கிறான் தம்பி.
கல் எங்கேயாவது நடக்குமா என்கிறேன் நான்.
மதிலைத் தாண்டிச் சாய்ந்த கிளைகளில்
ஏழு கோடையாய் அவனும் பறிப்பதில்லை,
நானும் பறிப்பதில்லை.
குளவிகள் கொழுத்துப்போயின.

சீஸ் அவனுடையது.
கடையில் முழு விலை கொடுத்து வாங்கினேன்.
உடன்பிறந்தவள் ஆயிற்றே என்று
ஒரு காசு குறைக்கவில்லை பெரீனா.
மேல்தோலில் அவன் முத்திரை, வளைந்த ஆட்டுக்கொம்பு.
கத்தியை முதலில் அதன்மேல்தான் வைத்தேன்.
அதில் சின்ன திருப்தி இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் பாக் தீவில் காற்றுக்குப் பெயர் பூரா.
கடலின் உப்பைப் பூராவும் வாரிவந்து
புல்லில் இறைத்துவிட்டுப் போகும்.
அந்தப் புல்லைச் செம்மறிகள் மேயும்.
ஆக, சீஸில் உப்புப் போட்டது காற்று.
மார்தட்டிக்கொள்வது ஷீமே.

அன்று காலை அதே காற்று எழுந்தது,
ஜூலை என்றும் பாராமல்.
ஒன்பதரைக்கு போன்:
பாலத்தை மூடிவிட்டார்கள்,
சர்வேயர் அக்கரையில், காருக்குள்,
இன்னொரு நாள் பார்க்கலாமாம்.

பன்னிரண்டு துண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சூட்டில் சீஸ் சீவலின் ஓரம் வியர்த்திருந்தது.
அதன்மேல் பிளந்த அத்தி,
வாய் திறந்து ஏதோ சொல்ல வந்ததுபோல்.
தேன் இன்னும் விடவில்லை.

கதவு தட்டினார்கள்.
அத்தி பூத்தாற்போல என்பார்களே,
வாசலில் ஷீமே.
காற்றில் சட்டை உப்பி,
கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அப்பாவின் பத்திரம்.
“அந்த ஆள் வரலையா?”
“பாலம் மூடியாச்சு.”
ஏழு வருடத்தில் ஐந்து சொல்.
எண்ணினேன்.

வந்தவனை எத்தனை நேரம் நிற்கவைப்பது?
தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.
ஒன்றை எடுத்து, அத்தியைப் பிட்டுப் பார்த்தான்.
பிட்டால் அத்தனையும் புழுவாக இருக்கும் என்று
சிறுவயதிலிருந்தே அவனுக்குப் பயம்.
எங்கள் குடும்பத்தில் அது நியாயமான பயம்தான்.
புழு இல்லை.
தின்றான். கண்ணை மூடி மென்றான்.
“சீஸ் எங்க வாங்கின?”
“பெரீனா கடையில.”
“எவ்வளவு?”
சொன்னேன்.
“கொள்ளை” என்றான்.

சிரித்துவிடக் கூடாதென்று
திரும்பி நின்று தேன் ஜாடியைத் திறந்தேன்.
மிச்சத் துண்டுகள்மேல் நூலாய் விட்டேன்.
ஜன்னலைக் காற்று உலுக்க உலுக்க
அவன் மூன்று, நான் இரண்டு,
மறுபடியும் அவன் இரண்டு.
பத்திரத்தின் உறைமேல் ஒரு சொட்டுத் தேன்.
இருவரும் பார்த்தோம். யாரும் துடைக்கவில்லை.

பசியைத் தீர்ப்பது இந்தப் பண்டத்தின் வேலை இல்லை.
கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.
விரலை நக்கியபடி ஷீமே கேட்டான்:
“சரி, இதுக்கப்புறம் என்ன சாப்பாடு?”

இதுக்கப்புறம் என்று
நான் எதையும் யோசித்திருக்கவில்லை.
மதியத்துக்குள் அளந்து முடித்து
ஆளுக்கொரு திசையில் போயிருப்போம்,
அவ்வளவுதான் என் கணக்கு.

உருளைக்கிழங்குக் கூடையை
அவன் காலடிக்குத் தள்ளினேன்.
கூரான கத்தி ஒன்றுதான் இருந்தது. அதையும் கொடுத்தேன்.
“தோலைத் தடிப்பாச் சீவாதே” என்றேன்.

தடிப்பாகத்தான் சீவினான்.